பந்தும் பந்தயமும்

கொல்கத்தாவில் உலகக் கோப்பைக் கால்பந்து நெருங்குகிறது என்பதை அறிய நாட்காட்டி வேண்டியதில்லை. லேக் மார்க்கெட்டுக்குப் போனால் போதும். ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய சந்துகளில் ஒரு வீட்டு மாடிக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் கயிறு கட்டி, நீலமும் வெள்ளையுமாக அர்ஜென்டினாக் கொடியையும், மஞ்சளும் பச்சையுமாகப் பிரேசில் கொடியையும் தோரணமாகத் தொங்க விட்டிருப்பார்கள். அவற்றின் நிழலில் நம்மவர் கடைகளில் வாழையிலைக் கட்டும் முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் எப்போதும்போல் விலை போய்க்கொண்டிருக்கும். காப்பிக் கொட்டை வறுபடும் மணத்துக்கு நடுவே, பெலே பெரியவரா மரடோனா பெரியவரா என்று வங்காளியும் தமிழரும் வழக்காடிக்கொண்டிருப்பர். 1977 செப்டம்பர் 24ஆம் நாள் ஈடன் கார்டனில் மோகன் பாகனுக்கு எதிராகப் பெலே ஆடியதை, நேற்று மாலை நடந்ததுபோல் சொல்லும் முதியவர்கள் இன்றும் இங்கே உண்டு. ஆட்டம் 2-2 என முடிந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர்கள் குரல் சற்று உயரும்.

பந்தைப் பற்றி எழுத நம் சங்கத்தில் என்னைவிடத் தகுதி உடையோர் பலர் இருக்கிறார்கள். நான் எழுத முன்வந்தது பந்தயத்தைப் பற்றி. அதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. அந்தத் தகுதி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022இல் நான் பட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவன். லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறத்தில் ஒரு மெஸ்ஸில் தங்கியிருந்தேன். என் அறையில் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர், முதலாம் ஆண்டு, என்னைவிட ஒரு வயது இளையவர். மெஸ்ஸை நடத்தும் மாமா தஞ்சாவூர்க்காரர். உலகக் கோப்பை தொடங்குமுன் மாமா ஒரு சீட்டுக் குலுக்கல் வைத்தார். 32 நாடுகள், மெஸ்ஸிலும் சமையற்கட்டு ஆட்களைச் சேர்த்துச் சரியாக 32 பேர். ஆளுக்கு 50 ரூபாய். எந்த நாட்டுச் சீட்டு வந்ததோ அந்த நாடு கோப்பையை வென்றால் 1,600 ரூபாயும் அவருக்கே. எனக்குக் கிடைத்தது கோஸ்டாரிகா. அதன்பின் நான் அந்தக் குலுக்கலை மறந்துவிட்டேன்.

நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. மாலை மூன்றரை மணிக்கு அர்ஜென்டினாவுக்கும் சவூதி அரேபியாவுக்கும் ஆட்டம். காலையில் தம்பி என்னிடம் கேட்டார்:

"அண்ணே, அர்ஜென்டினா ஜெயிச்சிருமா?"

நான் அப்போதுதான் பாய்சான் பரவலைப் படித்து முடித்திருந்தேன். புதிதாக மிதிவண்டி ஓட்டப் பழகியவன் கடைக்குப் போக ஆசைப்படுவதுபோல, எதற்கும் அதைப் பயன்படுத்திப் பார்க்கும் வெறி. காகிதத்தை எடுத்துப் பத்து நிமிடம் கணக்குப் போட்டுவிட்டு, "நூத்துக்கு எழுபத்தேழு" என்றேன். தம்பி மகிழ்ச்சியோடு போனார். அந்த வருடக் கல்லூரிக் கட்டணத்துக்காக வீட்டிலிருந்து வந்திருந்த 14,000 ரூபாயையும் கைபேசிச் செயலி ஒன்றின் வழியே அர்ஜென்டினாவின் மீது கட்டினார். அர்ஜென்டினா வென்றால் 16,100 ரூபாய் திரும்பும். மேல் வரவு 2,100. பொங்கலுக்கு ஊர் போய்வர ரயில் சீட்டுக்கு ஆகும் என்பது அவர் எண்ணம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஆட்டத்தை எல்லாரும் அறிவர். பத்தாம் நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் அடித்தார். முதற்பாதியிலேயே அர்ஜென்டினா மேலும் மூன்று முறை பந்தை வலைக்குள் செலுத்தியும் மூன்றும் ஆஃப்சைடு என்று தள்ளப்பட்டன. இடைவேளைக்குப் பிறகு 48ஆம் நிமிடத்தில் சாலே அல்-ஷெஹ்ரி, 53ஆம் நிமிடத்தில் சலேம் அல்-தவ்சாரி. சவூதி 2, அர்ஜென்டினா 1. முப்பத்தாறு ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அணி அன்று தோற்றது. எங்கள் சந்தில் அத்தனை கொடிகளுக்குக் கீழே ஒருவர்கூடப் பேசவில்லை. தம்பி எழுந்து மாடிக்குப் போனார். எல்லாரையும்போல் வருத்தம் என்றே நான் எண்ணினேன்.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கைக் கண்டால் பக்கத்தைப் புரட்டும் இலக்கிய மாணவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூட்டலும் வகுத்தலும் தவிர இதில் வேறொன்றும் இல்லை.

கால்பந்தில் கோல் அரிது. கத்தார் 2022 போட்டியில் 64 ஆட்டங்களில் விழுந்த கோல்கள் 172. அதாவது ஆட்டத்துக்கு ஏறத்தாழ 2.7. இப்படி அரிதாக, முன்னறிவிப்பின்றி நிகழ்வனவற்றை எண்ணுவதற்குப் பிரெஞ்சுக் கணிதர் பாய்சான் 1837இல் ஒரு சூத்திரம் தந்தார். பிரஷ்யக் குதிரைப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்குக்கு அது பொருந்துகிறது என்று 1898இல் போர்ட்கீவிச் என்பவர் காட்டினார். குதிரை உதைக்குப் பொருந்தியது பந்து உதைக்கும் ஓரளவு பொருந்துகிறது. நான் வைத்துக்கொண்ட அனுமானம் இதுதான்: அர்ஜென்டினா சராசரியாக 2.4 கோல் அடிக்கும், சவூதி 0.6 அடிக்கும். நான்கு மடங்கு வலிமை! அப்படியிருந்தும் சூத்திரம் தரும் விடை என்ன? இத்தகைய ஆட்டம் நூறு நடந்தால், வலியவர் வெல்வது 77, சமநிலை 15, எளியவர் வெல்வது 7 அல்லது 8. கூடைப்பந்தில் நான்கு மடங்கு வலியவன் தோற்கவே மாட்டான். அங்கே நூறு புள்ளிகள் விழுகின்றன, தற்செயலுக்கு இடமில்லை. இரண்டு மூன்று கோல்களில் முடியும் ஆட்டத்தில் தற்செயலுக்கு நாற்காலி போட்டு உட்கார இடம் உண்டு. சவூதி வெல்லும் வாய்ப்பு 8.7 விழுக்காடு என்று கிரேஸ்நோட் என்ற புள்ளிவிவர நிறுவனமும் கணித்திருந்தது. என் காகிதக் கணக்கு அதற்கு அவ்வளவு தூரத்தில் இல்லை என்பதில் அன்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது; இன்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

ஆக, என் விடையில் பிழை இல்லை. பிழை வேறிடத்தில். 77 என்றால் என்ன? நான்கு முறை கட்டினால் ஒரு முறை போய்விடும் என்பது. தம்பியின் காதில் அது "உறுதி" என்று விழுந்தது. மழை பெய்ய 77 விழுக்காடு வாய்ப்பு என்றால் நாம் குடை எடுத்துப் போகிறோம். பெய்யாவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. குடைக்குச் சரியான எண் கட்டணப் பணத்துக்குச் சரியாகாது.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. பந்தயத்தில் வாய்ப்பு பாதி; விலை மறுபாதி. அர்ஜென்டினாவுக்குச் செயலியில் இருந்த விலை 1.15. ஒரு ரூபாய் கட்டினால் வெற்றியில் 1 ரூபாய் 15 காசு வரும். இந்த விலையில் கையைக் கடிக்காமல் இருக்க, நூற்றுக்கு எத்தனை முறை வெல்ல வேண்டும்? 100ஐ 1.15ஆல் வகுத்துப் பாருங்கள்: 87. என் கணக்கோ 77. என் கணக்கை நான் நம்பியிருந்தால் இந்தப் பந்தயத்தைத் தொடாதே என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். 14,000 ரூபாய் கட்டினால் சராசரியாகத் திரும்புவது 12,461 ரூபாய். ஆட்டம் தொடங்குமுன்பே 1,539 ரூபாய் போயிற்று. தம்பி விலையைச் சொல்லவில்லை; நான் ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை.

புக்கிகள் பிழைப்பது எப்படி என்பதும் இந்த விலையிலேயே அடங்கியிருக்கிறது. எது வெல்லும் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியும் என்பது நம்மிற் பலர் எண்ணம். அவர்களுக்கு அது தேவையே இல்லை. அன்றைய ஆட்டத்துக்கு அர்ஜென்டினா 1.15, சமநிலை 8, சவூதி 19 என்று மூன்று விலைகள் என வைத்துக்கொள்வோம். எது நடந்தாலும் என் கைக்கு 100 ரூபாய் வரவேண்டும் என்று மூன்றின் மீதும் கட்டுகிறேன். முதலாவதற்கு 86 ரூபாய் 96 காசு, இரண்டாவதற்கு 12 ரூபாய் 50 காசு, மூன்றாவதற்கு 5 ரூபாய் 26 காசு. கூட்டினால் 104 ரூபாய் 72 காசு! நூறு ரூபாயை நூற்றுநாலே முக்கால் ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். அந்த நாலே முக்கால்தான் புக்கியின் வீட்டு வாடகை. கட்டும் ஒவ்வொரு ரூபாயிலும் ஏறத்தாழ நாலரைக் காசு போகிறது. ஒரு முறை என்றால் சிறிது. வந்ததை மீண்டும் மீண்டும் கட்டினால், பத்தாம் முறையில் சராசரியாக நூறு ரூபாய் 63 ரூபாயாகத் தேய்ந்துவிடும். 2026 போட்டிக்கு 48 நாடுகள், 104 ஆட்டங்கள். ஆட்டங்கள் பெருகினால் யாருக்கு ஆதாயம் என்று சொல்ல வேண்டுமா?

எங்கள் மாமாவின் குலுக்கலில் இந்தக் கழிவு இல்லை. 1,600 வந்தது, 1,600 போயிற்று. குதிரைப் பந்தயத்தில் 'டோட்' என்பார்களே, அதன் அடிப்படையும் இதுவே: எல்லார் பணத்தையும் ஒரு பானையில் இட்டு, நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வென்றவர்களுக்குப் பிரிப்பது. இதைக் கணக்கிடும் இயந்திரத்தைச் செய்த ஜார்ஜ் ஜூலியஸ் என்னும் பொறியாளர் முதலில் அதைத் தேர்தல் வாக்கு எண்ணுவதற்கென்றே அமைத்தாராம். அரசு வேண்டாம் என்றது. 1913இல் ஆக்லாந்துக் குதிரைப் பந்தயம் வாங்கிக்கொண்டது.

கொல்கத்தாவுக்கும் பந்தயத்துக்கும் உறவு பழையது. படாபஜாரில் ஒரு காலத்தில் மழையின் மீதே பந்தயம் கட்டினார்கள். குறித்த நேரத்துக்குள் மாடிக் குழாயில் தண்ணீர் வழியுமா வழியாதா என்பது பந்தயம். வானத்தைப் பார்த்துக்கொண்டே மாடியில் கூட்டம் கூடி நிற்குமாம். 1897இல் வங்காள அரசு தனிச் சட்டம் செய்து அதை நிறுத்தியது. இங்கிலாந்தின் டெர்பி ஓட்டத்தை வைத்து ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப் நடத்திய சீட்டு உலகப் புகழ் பெற்றது. ஆட்டக்காரர்களை ஏலம் விட்டுப் பந்தயம் நடத்தும் முறைக்கு அமெரிக்கக் கோல்ஃப் கழகங்களில் 'கல்கத்தா' என்றே பெயர். நம் ஊரின் பெயர் இப்படியும் ஓரிடத்தில் விளங்குகிறது!

சட்டம் என்ன சொல்கிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. வென்ற பணத்தைத் தரவில்லை என்று நீதிமன்றத்தில் வழக்காட இயலாது. பந்தயமும் சூதும் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. மேற்கு வங்கத்துக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையின் பாற்பட்டது என்று சென்னைப் பந்தயம் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கால்பந்துப் பந்தயத்துக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுதும் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. தண்டனை நடத்துவோருக்கும் விளம்பரம் செய்வோருக்கும் உண்டு, ஆடுவோருக்கு இல்லை. 2022இல் இந்தச் சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் கடல் கடந்து எங்கோ இருக்கும் செயலியிடமிருந்து தம்பியின் பணம் திரும்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். மாடிக்குப் போன தம்பி அழுதுகொண்டிருக்கவில்லை. இழந்ததை மீட்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அறை அறையாகக் கடன் கேட்டு 3,500 ரூபாய் சேர்த்தார். அதில் 1,000 என்னுடையது. மருந்துக்கு என்று கேட்டார், கொடுத்தேன். அன்று மாலையே டென்மார்க் மீது 500 கட்டினார். துனீசியாவோடு 0-0. இரவு போலந்து மீது 1,000. லெவண்டோவ்ஸ்கி அடித்த பெனால்டியை மெக்சிக்கோவின் ஒச்சோவா தடுத்துவிட்டார், அதுவும் 0-0. மறுநாள் குரோஷியா மீது 2,000. மொராக்கோவோடு அதுவும் 0-0. மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூட விழவில்லை. பாய்சான் கணக்குப்படி 64 ஆட்டங்களில் கோலில்லாதவை நான்கைந்துதான் இருக்க வேண்டும். அந்தப் போட்டியில் ஏழு. சூத்திரம் பொருந்துவது "ஓரளவு" என்று மேலே நான் எழுதியது அதனால்தான்.

தோற்றால் இரட்டிப்பாய்க் கட்டு, என்றேனும் ஒரு முறை வென்றால் எல்லாம் திரும்பிவிடும் என்னும் இந்த யுக்தி மிகப் பழையது. ஒவ்வொரு தலைமுறையும் தானே கண்டுபிடித்ததாக எண்ணிக்கொள்கிறது. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள பந்தயமாகவே இருக்கட்டும். 500, 1,000, 2,000, 4,000, 8,000 என்று ஐந்து முறை தொடர்ந்து தோற்றால் 15,500 ரூபாய் போய்விடும். ஐந்து முறை தொடர்ந்து தோற்பது 32இல் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் அது குறிப்பிட்ட ஐந்து ஆட்டங்களுக்கு உரிய கணக்கு. 64 ஆட்டத்திலும் கட்டிக்கொண்டே போனால், வழியில் எங்கேனும் ஒரு முறை அந்த ஐந்து தோல்வி வரிசையாய் வந்து நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 65 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டி யாரும் சோதித்துக்கொள்ளலாம்; செலவில்லை. வென்றபோதோ வருவது வெறும் 500.

மூன்றாம் நாள் மாமா எங்கள் அறைக்கு வந்தார். யாரோ சொல்லிவிட்டார்கள். தம்பி எல்லாவற்றையும் சொன்னார். "யாருடா உனக்கு இந்த எழுபத்தேழைச் சொன்னது?" என்று மாமா கேட்டார். தம்பி வாய் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மாமா என்னைத் திட்டவில்லை. "கணக்கு வாத்தியார் ஆகப் போறவன்தானே நீ?" என்று மட்டும் கேட்டார்.

கல்லூரியில் அபராதத்தோடு தவணை கொடுத்தார்கள். தம்பி டிசம்பர் முதல் விடியற்காலையில் லேக் மார்க்கெட்டில் ஒரு பூக்கடைக்குப் போகத் தொடங்கினார். ஐந்து மணிக்குக் கூடை இறக்க வேண்டும். ஏழரை வரை சரம் தொடுக்க வேண்டும். பிறகு குளித்துவிட்டு வகுப்பு. நெல்லையில் அவர் பூத்தொட்டவர் அல்லர். முதல் வாரத்தில் அவர் தொடுத்த சரத்தைக் கடைக்காரம்மா அவிழ்த்து மறுபடியும் தொடுப்பார். பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. தேர்வு இருக்கிறது என்று தாயாரிடம் தொலைபேசியில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். கடன் தீர ஏப்ரல் ஆயிற்று. எனக்குரிய 1,000 ரூபாயை வேண்டாம் என்றேன், பிடிவாதமாகக் கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 18 அன்று அர்ஜென்டினா கோப்பையை வென்றது. பிரான்சோடு 3-3, பெனால்டியில் 4-2. சந்தெல்லாம் வெடி. மாமாவின் குலுக்கலில் அர்ஜென்டினாச் சீட்டு பாத்திரம் தேய்க்கும் அம்மாளிடம் இருந்தது. அந்த நாடு எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். தம்பிதான் என் அட்லஸைக் கொண்டுபோய்க் காட்டினார். 1,600 ரூபாயில் எல்லாருக்கும் மறுநாள் கேசரி வந்தது.

தம்பி இப்போதும் ஆட்டத்துக்கு முன் என்னிடம் எண்ணைக் கேட்பார். சொல்லுவேன், ஆனால் மூன்று எண்களையும் சேர்த்துத்தான் சொல்லுவேன், வெற்றி, சமநிலை, தோல்வி என்று. எதற்குக் கேட்கிறாய் என்றும் கேட்டுவிடுவேன். அவருக்கு அதில் சற்று வருத்தந்தான்.

2026க்கு 48 நாடுகள் என்று கேள்விப்பட்டதும் மாமாவுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. மெஸ்ஸில் இருப்பது 29 பேர். ஆளுக்கொன்று கொடுத்தபின் மிஞ்சும் 19 சீட்டுகளை யார் தலையில் கட்டுவது, அந்த 19இல் ஒன்று கோப்பையை வென்றுவிட்டால் பணம் யாருக்கு என்று என்னைக் கேட்டார். இரண்டு மூன்று வழி சொன்னேன். ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை.